நண்டுக்காக நாங்கள் நடத்திய பிரெக்சிற்

வெளியேறுவது மனிதனுக்கு மிகவும் பிடித்த வேலை. கூட்டத்தை விட்டு வெளிநடப்புச் செய்யும்போது வருகிற கம்பீரம், உள்ளே கதிரையில் குந்தியிருக்கும்போது ஒருநாளும் வருவதில்லை. கதவை அடித்துச் சாத்திவிட்டு வெளியே வந்து, காருக்குப் பக்கத்தில் நின்று சட்டைப்பையைத் தடவி, சாவி உள்ளே மேசையில் கிடக்கிறது என்று தெரிகிற வரைக்கும் அந்தக் கம்பீரம் நிற்கும். பிரித்தானியாவுக்கு அது நடந்ததை உலகமே பார்த்தது. எனக்கு அது நடந்ததை மோர்னிங்சைட் பூங்காவில் ஐந்து ஊர்ச் சனம் பார்த்தது. உலகம் மறந்துவிடும். ஐந்து ஊர்ச் சனம் மறக்காது.

அந்த வருடம் எனக்குப் பிரித்தானிய அரசியல் பைத்தியம் பிடித்திருந்தது. (மனைவி வேறொரு சொல் சொன்னாள். அதை அச்சில் போட முடியாது.) ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போவதென்று அந்த நாட்டுச் சனம் வாக்களித்து மூன்று வருடம் ஆகிறது, இன்னும் போய் முடியவில்லை. பிரதமர் ஓர் ஒப்பந்தத்தைக் கொண்டுவருவார், பாராளுமன்றம் தோற்கடிக்கும். அதையே தூசு தட்டி மறுபடி கொண்டுவருவார், மறுபடியும் தோற்கடிக்கும். சரி, உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று எல்லாத் தெரிவுகளையும் உறுப்பினர்கள் முன்னால் பரப்பி வைத்தால், ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் தோற்கடித்தார்கள். இதைவிட விறுவிறுப்பான தொடர்நாடகம் எந்தத் தொலைக்காட்சியில் வரும்?

நான் கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்து அஜக்ஸில் ஒரு வெயார்ஹவுஸில் மேற்பார்வையாளன். லண்டனில் இரவு ஏழு மணிக்கு வாக்கெடுப்பென்றால் எங்களுக்கு மத்தியானம் இரண்டு மணி. பெட்டி தூக்கும் வண்டிகளுக்கு நடுவில் நின்றபடி, ஒரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, கிரிக்கெட் கேட்பதுபோல் கேட்பேன். அரசாங்கம் தோற்றால் கை தட்டுவேன். வென்றாலும் தட்டுவேன். சபாநாயகர் சபையை அடக்க "ஓடர், ஓடர்" என்று கத்துவது எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. வீட்டில் மனைவியும் மகளும் ரிமோட்டுக்குச் சண்டை பிடித்தால் நானும் எழுந்து நின்று "ஓடர்" என்பேன். ஒருவரும் அடங்க மாட்டார்கள். அங்கேயும் ஒருவரும் அடங்கவில்லைதானே என்று என்னைத் தேற்றிக்கொள்வேன்.

இந்தப் பைத்தியம் என் தலைக்குள்ளேயே கிடந்திருந்தால் ஒருவருக்கும் சேதமில்லை. கெட்டகாலத்துக்கு நான் பூவரசடி மக்கள் சங்கத்தின் கனடாக் கிளைக்குச் செயலாளராக இருந்தேன். பூவரசடி யாழ்ப்பாணத்தில் ஒரு சின்னக் கடலோர ஊர். பக்கத்து ஊர் கொன்றையடி. இடையில் ஒரு வண்டி போகிற அகலத்தில் ஓர் ஒழுங்கை, அவ்வளவுதான். அப்படி ஒட்டிக்கொண்டு கிடக்கிற ஐந்து ஊர்களின் சங்கங்களும் ரொறன்ரோவில் சேர்ந்து ஐந்தூர்க் கூட்டமைப்பு என்று ஒன்றை வைத்திருந்தன. கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோர்னிங்சைட் பூங்காவில் எல்லோரும் கூடுவோம். ஓட்டம், சாக்கோட்டம், கயிறிழுத்தல், கொத்துரொட்டி, பின்னேரம் பெரிய கிடாரத்தில், பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியற்கூழ். என் மனைவி சாந்தி கொன்றையடிக்காரி. ஐந்தூருக்கும் கூழ் காய்ச்சுகிறவள் அவள்தான். இந்த ஒரு விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். நான் வைத்திருக்கவில்லை.

பிரச்சினை அந்தக் கூழில்தான் தொடங்கியது. சில பிள்ளைகளுக்கு நண்டு ஒத்துவரவில்லை, உடம்பெல்லாம் தடிக்கிறது, ஆகையால் இனிமேல் கூழுக்கு நண்டு போடுவதில்லை என்று கூட்டமைப்பு முடிவெடுத்தது. மற்ற நாலு ஊரும் தலையாட்டிவிட்டன. பூவரசடிக்காரருக்கு நண்டில்லாத கூழ் என்பது வெறும் புளித்தண்ணீர். போதாக்குறைக்கு, செயலாளர்களின் பேச்சு மூன்று நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்றும் ஒரு விதி வந்தது. (உள்ளதைச் சொன்னால் எனக்கு நண்டைவிட இதுதான் சுட்டது. முந்தின வருடம் நான் வரவேற்புரையில் எங்கள் ஊரின் வரலாற்றுக்குள் நுழைந்துகொண்டிருக்கும்போதே மைக்கை நிறுத்திப் பாட்டுப் போட்டுவிட்டார்கள்.)

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எங்கேயோ உட்கார்ந்திருக்கிற தலைமையகம் எங்கள் சட்டியில் என்ன வேகவேண்டும் என்று தீர்மானிப்பதா? லண்டனில் கேட்ட வசனமெல்லாம் தமிழில் பொங்கிப் பொங்கி வந்தது. 'எங்கள் கூழ், எங்கள் நண்டு' என்று ஒரு சுலோகம் எழுதி, நண்டொன்று காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படத்தோடு வாட்ஸ்அப்பில் விட்டேன். தமிழர் நிறைந்த ஸ்காபரோ முழுக்கப் பறந்தது. சங்கம் இருப்பதையே மறந்துபோயிருந்தவர்களெல்லாம் சந்தாக் கட்டிக்கொண்டு பொதுக்கூட்டத்துக்கு வந்தார்கள்.

கூட்டம் ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் கீழ்த்தள மண்டபத்தில் நடந்தது. மூன்று நிமிட விதியைப் பழிவாங்குகிற மாதிரி அரை மணித்தியாலம் பேசினேன். விலகினால் நண்டு வரும், பேச்சுச் சுதந்திரம் வரும், இப்போது இருக்கிற வசதி ஒன்றும் போகாது, எல்லாம் அப்படியே இருக்கும், இன்னும் நன்றாக இருக்கும் என்றேன். எப்படி என்று ஒருவர் எழும்பிக் கேட்டார். பின்வரிசையிலிருந்து அவரை இருக்கச் சொல்லிக் கத்தினார்கள். நான் கேட்காத பாவனையில் தண்ணீர் குடித்தேன்.

வாக்கெடுப்பில் இருந்தது ஒரே ஒரு கேள்விதான்: இருப்பதா, போவதா? எப்படிப் போவது, போய் எங்கே நிற்பது என்பதெல்லாம் கேள்வியில் இல்லை. கை உயர்த்தச் சொல்லி எண்ணினோம். மயிரிழையில் வென்றோம். அந்த மயிரிழை தம்பிராசா அங்கிளின் கை. தேத்தண்ணித் தட்டோடு போனவரைக் கூப்பிடத்தான் அவர் கையைத் தூக்கினார் என்று பிறகு தெரியவந்தது. மக்கள் தீர்ப்பு மக்கள் தீர்ப்புத்தான் என்று சொல்லி அறிக்கை விட்டுவிட்டேன்.

பறந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். சாந்தி குசினியில் பருப்புக் கடைந்துகொண்டு நின்றாள்.

"வெண்டிட்டம்," என்றேன்.

"ஆர் வெண்டது?"

"நாங்கள்தான். பூவரசடி. கூட்டமைப்பை விட்டுப் போறம்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "போட்டு வாங்கோ. நான் கொன்றையடி. நான் ஓரிடமும் போகேல்லை."

அந்தக் கணத்தில்தான் எனக்கு அந்த ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. "அப்ப கூழ்?" என்று மெல்லக் கேட்டேன்.

"எந்தக் கூழ்?" என்றாள் சாந்தி.

அடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக் குசினி கொன்றையடியின் ஆட்சிக்குட்பட்ட பிரதேசமாகிவிட்டது. கலியாணம் கட்டிய நாள்தொட்டுக் கேட்காமலே வந்த தேத்தண்ணி இனிக் கேட்டால்தான் வரும், கேட்டாலும் யோசித்துத்தான் வரும் என்றாயிற்று. சாந்தி கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே செய்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கூட்டமைப்பின் தலைவர் பாலா அண்ணை விட்பியில் இருக்கிறார். வீடு வாங்கி விற்கும் முகவர். வாழ்நாள் முழுக்கப் பேரம் பேசியவர். நெடுஞ்சாலைக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார். நான் கழுத்துப்பட்டியெல்லாம் கட்டிக்கொண்டு போனேன். உட்கார முதலே, எங்களுக்குச் சில சிவப்புக் கோடுகள் இருக்கின்றன, அவற்றைத் தாண்ட மாட்டோம், தேவைப்பட்டால் ஒப்பந்தம் இல்லாமலும் போவோம் என்று அறிவித்தேன்.

"கோட்டை அதிலை வையும் தம்பி. முதல் கோப்பியைக் குடியும்," என்றார் பாலா அண்ணை. நான் ஒரு மிடறு குடித்த பிறகு சாவகாசமாகத் தொடங்கினார். "பார்க் பெர்மிட் எங்கடை பேரிலை. கூழ்க் கிடாரம் எங்கடை. கூடாரம், ஸ்பீக்கர், கயிறு, சாக்கு எல்லாம் எங்கடை. நீர் எதைக் கொண்டு போறீர்?"

"நண்டை," என்றேன், தலையை நிமிர்த்தி.

அவர் எனக்கும் சேர்த்துக் கோப்பிக்குக் காசு கொடுத்தார். எல்லாம் அவர் கையில்தான் இருக்கிறதென்று அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

இருந்தாலும் நான் ஒரு சமரசத்தோடுதான் திரும்பினேன். விலகுவோம், ஆனால் இந்த ஒரு வருடத்துக்குக் கிடாரத்தையும் பெர்மிட்டையும் பகிர்ந்துகொள்வோம் என்பது ஏற்பாடு. என் சொந்தச் செயற்குழுவே அதைத் தோற்கடித்தது. வேறு சொற்களில் எழுதிக் கொண்டுபோனேன், மறுபடியும் தோற்கடித்தது. போவதென்றால் போவதுதான், அவர்கள் நிற்கிற மரத்து நிழலில்கூட நிற்கக்கூடாது என்றது ஒரு கோஷ்டி. கூடாரத்துக்கு உள்ளே இருப்போம், கிடாரத்துக்கு வெளியே இருப்போம் என்றது இன்னொன்று. மறுபடி வாக்கெடுப்போம் என்றது மூன்றாவது. எங்கள் சங்கத் தலைவர் குடும்பச் சூழ்நிலை என்று சொல்லி விலகினார். உபதலைவருக்கும் மறுநாளே அதே சூழ்நிலை வந்தது. கதிரை சும்மா கிடக்கிறதே என்று நான் போய்க் குந்தினேன். வெளியில் கவலைபோல் முகத்தை வைத்துக்கொண்டாலும் உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம், புளுகம். லண்டனில் நடப்பதெல்லாம் ஒன்றுவிடாமல் எனக்கும் நடக்கிறது!

இந்த நேரம் பார்த்துத்தான் மச்சான் ரவி விடுமுறைக்கு வந்து இறங்கினார். சாந்தியின் அண்ணன். லண்டனில் அமைச்சு ஒன்றில் அதிகாரி. நாடு ஒன்றியத்தை விட்டுப் போன பிறகு துறைமுகத்தில் மீனும் இறைச்சியும் ஏற்றிவருகிற லொறிகளுக்கு என்னென்ன பத்திரம் வேண்டும் என்று எழுதுவது அவருடைய வேலை. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நாடகத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு மேடைக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் வந்திருக்கிறார். விமான நிலையத்தில் அவருடைய பெட்டியைத் தூக்கிக் காருக்குள் வைக்க முன்னமே கேட்டுவிட்டேன்.

"மச்சான், உள்ளுக்கு உண்மையா என்னதான் நடக்குது?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆட்டிறைச்சி," என்றார்.

401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்த ஊர்வலத்தில் அவர் மெல்ல மெல்லச் சொன்னார். ஒன்றும் மாறாது என்று அமைச்சர் தொலைக்காட்சியில் சொல்லிவிட்டுப் போய்விடுவாராம். மாறாமல் இருக்கிறதற்கு என்ன செய்வதென்ற கேள்வி விடிய இவருடைய மேசைக்கு வருமாம். ஒரு விதியைப் பிடித்து இழுத்தால் பின்னாலே இன்னொன்று வரும், அதன் பின்னாலே மற்றது வரும், சுவெட்டரில் நூல் இழுத்த மாதிரி. எழுதி முடிக்கும்போது அமைச்சர் மாறியிருப்பார். புதியவருக்கு அது வேறு மாதிரி வேண்டும். "ஒப்பந்தத்தோடை போனா ஒரு பேப்பர், ஒப்பந்தம் இல்லாமப் போனா இன்னொரு பேப்பர். ரெண்டையும் எழுதி வைச்சிருக்கிறன். எதைக் கிழிக்கிறதெண்டுதான் ஒருத்தரும் சொல்லீனமில்லை," என்றார்.

அயர்லாந்து எல்லை என்ன மாதிரி என்று கேட்டேன். வடக்கு அயர்லாந்து பிரித்தானியாவோடு, தெற்கு ஒன்றியத்தோடு. இரண்டுக்கும் நடுவில் படலை போட ஒருவருக்கும் விருப்பமில்லை. படலை இல்லாவிட்டால் இரண்டு விதமான சட்டத்தை எப்படிக் காப்பது? மச்சான் அதைக் கதைக்க வேண்டாம் என்று கையைக் காட்டினார். அந்தச் சொல்லைக் கேட்காமல் இருக்கத்தான் கடல் தாண்டி வந்தாராம். இதில் என்ன கஷ்டம், இரண்டு பக்கமும் மனம் இருந்தால் சரிதானே என்று நான் அவருக்கு விளக்கினேன். (அமைச்சின் அதிகாரிக்கு! அஜக்ஸ் வெயார்ஹவுஸ்காரன்!)

அன்று இராச்சாப்பாட்டில் என் முன்னால் வெறும் தண்ணீர்க் கிளாஸ் இருப்பதையும், மற்ற எல்லோருக்கும் தேத்தண்ணி இருப்பதையும் மச்சான் கவனித்தார். கதை முழுவதையும் மகள் மீரா ஆங்கிலமும் தமிழுமாகக் கொட்டிவிட்டாள். மச்சானுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இதிலை என்ன கஷ்டம் எண்டு சொன்னீரெல்லோ. உம்மடை வீட்டுக்குள்ளையே ஒரு எல்லை ஓடுது," என்றார்.

மீராவுக்கு அப்போது பதினொரு வயது. அவள் சிரிக்கவில்லை. "அப்பா, பிக்னிக்கில நான் எந்த சைட்டில நிக்கிறது?" என்று கேட்டாள்.

"நீ ரெண்டு பக்கமும் போய்வரலாம் செல்லம்."

"அப்ப எந்தக் கூழ் குடிக்கிறது?"

பிள்ளை கேட்டது கூழைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் தலைவர் பதவி ஒருவனை எப்படியெல்லாம் பேசவைக்கும் பாருங்கள். அது பின்னர் பேசித் தீர்க்கப்படும் என்று பிள்ளைக்குச் சொன்னேன். லண்டனிலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெயிலென்றால் அப்படியொரு வெயில். கூட்டமைப்பு வழக்கம்போல் பெரிய மரங்களுக்குக் கீழே, கழிப்பறைக்குப் பக்கத்தில், கூடாரம் கட்டி ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. பெர்மிட் இல்லாத நாங்கள் கொஞ்சம் தள்ளி, நிழலே இல்லாத ஒரு வெளியில், இரண்டு மேசையோடு சுதந்திரமாக நின்றோம். நடுவில் கண்ணுக்குத் தெரியாத எல்லைதான் இருக்கும் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் எங்கள் தீவிரவாதக் கோஷ்டி வந்ததும் வராததுமாக உடுப்புக் காயப்போடும் நைலோன் கொடியைக் குறுக்கே கட்டிவிட்டது. கழிப்பறைக்குப் போகிற பூவரசடி அன்ரிமார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அதற்குக் கீழால் குனிந்து போனார்கள். ஒவ்வொருவரும் குனியும்போது என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்க விரும்பவில்லை.

கிடாரத்துக்குப் பதிலாக, வேலையிடத்து நண்பன் ஒருவனிடம் வான்கோழி பொரிக்கிற நெட்டைப் பானையையும் காஸ் அடுப்பையும் இரவல் வாங்கியிருந்தேன். ஆள் வைத்துக் காய்ச்ச ஒருவரும் அகப்படாததால் நானே காய்ச்சினேன். இரண்டு வீடியோ பார்த்திருந்தேன். நண்டுகளைச் சீனக் கடையில் உயிரோடு வாங்கி ஐஸ் பெட்டியில் கொண்டுவந்திருந்தேன். உயிர் நண்டென்றால்தான் ருசி என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்றே. ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, கசப்பு இறங்க அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும் என்பதை மட்டும் எந்த வீடியோவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், நான் அந்த இடத்தை வேகமாக ஓட்டிவிட்டேன். அடுப்பை மூட்டி, மாவைக் கரைத்து ஊற்றி, நண்டைப் போடுவதற்காக ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தேன்.

அப்போது பார்த்து யாரோ, "தலைவர் ரெண்டு வார்த்தை பேசலாமே," என்றார்.

நேரக் கட்டுப்பாடு இல்லாத மேடை! மைக் இல்லை, ஆனால் மைக்கை நிறுத்தவும் ஒருவரும் இல்லை. வாங்குப் பலகையில் ஏறி நின்றேன். போன வருடம் நிறுத்தப்பட்ட அதே இடத்திலிருந்து எங்கள் ஊரின் வரலாற்றைத் தொடங்கினேன். கடல் வந்தது, காற்று வந்தது, சுதந்திரம் வந்தது. சனம் எனக்குப் பின்னால் எதையோ பார்ப்பது தெரிந்தது. என் பேச்சில் லயித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

எனக்குப் பின்னால், திறந்த பெட்டியிலிருந்து நண்டுகள் ஒவ்வொன்றாக இறங்கி, பக்கவாட்டில் நடந்து, நைலோன் கொடிக்குக் கீழால் கூட்டமைப்புப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. எந்த நண்டுக்காக வெளியேறினோமோ அந்த நண்டுகளே முதலில் ஒன்றியத்தில் போய்ச் சேர்ந்தன. நண்டுக்கும் நிழல் தேவைதானே. கூட்டமைப்புப் பக்கம் புல்லில் நல்ல குளிர்ச்சியாக, வாய் திறந்தபடி, சாக்குகள் விரித்துக் கிடந்தன.

ஸ்பீக்கரில் அறுபதைத் தாண்டியவர்களுக்கான சாக்கோட்டம் என்று அறிவித்தார்கள். பாலா அண்ணை தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஒரு சாக்குக்குள் இறங்கினார். விசில் ஊதியது. ஒரு தத்து, இரண்டு தத்து. மூன்றாவது தத்தில் அவர் போட்ட சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது. அதன் பிறகு அந்த மனிதர் தத்தியது தத்தலே இல்லை, பறந்தார். மற்றவர்கள் பாதி தூரம் வரமுன் முடிவுக்கோட்டைத் தாண்டினார். அங்கேயும் நிற்காமல் நைலோன் கொடியை அறுத்துக்கொண்டு வந்து எங்கள் மேசையில் மோதித்தான் நின்றார். கூட்டமைப்புத் தலைவர் சுதந்திரப் பூவரசடிக்கு மேற்கொண்ட முதலாவது உத்தியோகபூர்வ விஜயம் அதுதான். காற்சட்டை நுனியில் ஒரு நண்டு தொங்கியது. காலுக்கு ஒன்றும் இல்லை, நல்லகாலம், காற்சட்டையோடு போயிற்று.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். கொன்றையடி அன்ரிமார் மேசைகளில் ஏறினார்கள். பிள்ளைகள் அப்படியொரு பிக்னிக்கைக் கண்டதில்லை, கூச்சல் போட்டுக்கொண்டு நண்டைத் துரத்தினார்கள். எங்கள் பூவரசடிக் கிழவர்களுக்கு, காலையில் நடக்க மாட்டாமல் ஊன்றுகோலோடு வந்தவர்களுக்கு, எங்கிருந்து அந்தத் துடிப்பு வந்ததோ தெரியாது. பிள்ளைகளை விலகச் சொல்லிவிட்டு, பின்பக்கத்தால் கையைக் கொடுத்து, முதுகோட்டை அமத்திப் பிடித்து ஒவ்வொன்றாகத் தூக்கினார்கள். கைதட்டலும் விசிலும் வானத்தைப் பிளந்தன. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று ஒருவருக்கும் நினைவில்லை. அறுந்த கொடியை ஒரு சின்னப் பிள்ளை கயிறடித்து விளையாட எடுத்துக்கொண்டு போய்விட்டது.

நான் மட்டும் வான்கோழிப் பானைக்குத் திரும்பி ஓடினேன். கூழ் அடிப்பிடித்து, மேலே சீமெந்து மாதிரி இறுகியிருந்தது. தம்பிராசா அங்கிள் ஒரு கோப்பையில் வாங்கி ஒரு வாய் வைத்தார். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாந்தி கிளறிக்கொண்டு நின்ற பெரிய கிடாரத்தை நோக்கி நடந்தார். எங்களை வெல்லவைத்த கை அது. அவர் போனதைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள்.

திரும்பிப் பார்த்தால், கொடி கட்டியிருந்த இடத்தில், வெறுமையான ஐஸ் பெட்டியின் மேல் மீரா குந்தியிருந்தாள். கையில் வெறும் கோப்பை. அவ்வளவு அமளியிலும் அவள் நண்டு பிடிக்க ஓடவில்லை.

"அப்பா, எனக்குப் பசிக்குது," என்றாள். "இதில எது எங்கட கூழ்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது, புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன். சுலோகம் எழுதினேன், வாக்கெடுத்தேன், தலைவரானேன், என் பிள்ளை எங்கே இருந்து சாப்பிடும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

மச்சான் ரவி இதையெல்லாம் ஒரு மடக்குக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். விடுமுறைக்கு வந்த மனிதர், தன்னைக் கட்டுப்படுத்தத்தான் பார்த்தார். முடியவில்லை. துள்ளி எழும்பினார். "ஆரிட்டையாவது பேனை இருக்கோ?" என்றார். என்னையும் பாலா அண்ணையையும் ஒரு மேசையில் எதிரெதிரே இருத்தி, ஒரு கடதாசித் தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். கண்ணெல்லாம் பளபளத்தது. மூன்று வருடமாக எழுதியதில் ஒன்றுகூட நடைமுறைக்கு வராத மனிதருக்கு அன்று வந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டும்.

பெரிய கிடாரத்துக் கூழில் நண்டு வராது. வான்கோழிப் பானையைத் தேய்த்துக் கழுவி, தனி அகப்பையோடு தள்ளி வைத்து, அதில் பூவரசடி நண்டு போடலாம், விரும்பினவர் குடிக்கலாம். பாலா அண்ணை அதற்கு உடனே ஒத்துக்கொண்டார். இவ்வளவுதான் விஷயமென்றால் கோப்பிக் கடையிலேயே கேட்டிருக்கலாமே என்றார். நான் அப்போது சிவப்புக் கோடு கீறிக்கொண்டிருந்தேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. அவருடைய ஒரே நிபந்தனை, கடைசி நண்டும் பிடிபடும் வரை தான் காலைக் கீழே வைக்க மாட்டேன் என்பது. பேச்சுக்கு மூன்று நிமிடம் என்பது தொடரும். நான் என் பங்கை வரப்போகிற வருடங்களுக்கும் சேர்த்து முடித்துவிட்டதாகப் பதிந்துகொண்டார்கள்.

அப்போதுதான் சாந்தி அகப்பையோடு வந்து நின்றாள். மச்சான் தட்டை அவள் பக்கம் திருப்பி, உனக்கு ஏதும் நிபந்தனை இருக்கா என்று கேட்டார்.

"ஒண்டே ஒண்டு. காய்ச்சிறவளைக் கேக்காமல் இனி ஒருத்தரும் கூழுக்கு வாக்கெடுக்கக்கூடாது."

கூட்டமைப்பும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பாலா அண்ணையும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டோம். ஒப்பந்தத்தை நான் எல்லோருக்கும் வாசித்தேன். மூன்று நிமிடத்துக்குள் முடித்தேன். ஏற்றுக்கொள்வோர் கை உயர்த்தச் சொன்னார்கள். தம்பிராசா அங்கிள் இரண்டு கையையும் உயர்த்தினார். போன முறை தேத்தண்ணிக்கு, இந்த முறை கூழுக்கு.

பிடிபட்ட நண்டுகளைச் சாந்தி வான்கோழிப் பானையில் போட்டுக் காய்ச்சினாள். அப்படியொரு கூழ் நான் பிறகு குடித்ததில்லை. மீரா எனக்கும் தாய்க்கும் நடுவில் இருந்து ஒரு நண்டுக் காலைக் கடித்துச் சூப்பினாள். எனக்குத் தேத்தண்ணி கேட்காமலே வந்தது. மச்சான் அந்தக் கடதாசித் தட்டைப் படமெடுத்துக்கொண்டு, தன் உத்தியோகத்தில் ஒரே பின்னேரத்தில் முடிந்த ஒப்பந்தம் இது ஒன்றுதான் என்றார். அடுத்த மாரிக் குளிரில் பிரித்தானியா உண்மையாகவே வெளியேறிவிட்டது. மச்சான் இன்னும் ஆட்டிறைச்சிக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் பேசும்போது நான் இப்போது குறுக்கே பேசுவதில்லை.

அன்றிலிருந்து என்னால் நிம்மதியாகக் கோபித்துக்கொண்டு எழும்ப முடிவதில்லை. சாப்பாட்டு மேசையில் வாக்குவாதம் முற்றி, "நான் போறன்" என்று கதிரையைத் தள்ளினால் போதும். "அப்பா, டீலா, நோ டீலா?" என்று லண்டன் பாணியில் மீரா கேட்பாள். சாந்தி என் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக் காட்டுவாள். நான் மறுபடி இருந்துவிடுவேன். ஒன்றுகூடலில் என்னைக் காணும் போதெல்லாம் பாலா அண்ணை குனிந்து காற்சட்டை நுனியைத் தட்டிப் பார்ப்பார்.

போன கோடையில் மீரா எங்களை இருத்தி, ஒட்டாவாப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, செப்டெம்பரில் போகப்போகிறேன் என்றாள். நான் அவளுடைய கேள்வியையே அவளிடம் கேட்டேன்.

"டீலா, நோ டீலா?"

"டீலோடதான் அப்பா. என்ர ரூம் என்ர பேரில இருக்கும். லோங் வீக்கெண்ட் எல்லாம் வருவன். கூழ் காய்ச்சினா நண்டுக் கால் எனக்கு."

சாந்தி என்னைப் பார்த்தாள். இந்த முறை நான் ஒரு சிவப்புக் கோடும் கீறவில்லை. மீரா நீட்டிய பல்கலைக்கழகப் படிவங்களில் கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.